எவர்ஷெட்டுக்கும் 'ஈ', எஃபெக்ட்டுக்கும் 'ஈ'

ஆபீஸ் மெயில்ல நாம அடிக்கடி மாத்தி எழுதுற ஜோடி: அஃபெக்ட், எஃபெக்ட். 'ஏ'-ல தொடங்குறது பெரும்பாலும் வினைச்சொல்: பாதிக்கிறது. 'ஈ'-ல தொடங்குறது பெரும்பாலும் பெயர்ச்சொல்: விளைவு. இதை மறக்காம இருக்க நான் வச்சிருக்கிற கதை கொடைக்கானலோடது.

1876-78, தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸ் மாகாணத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. மழை ஏன் பொய்ச்சது? சூரியனோட கரும்புள்ளிகள் கூடுறதும் குறையுறதும் பருவமழையை அஃபெக்ட் பண்ணுதான்னு அப்போ பெரிய விவாதம். அந்தக் கேள்வியோட தொடர்ச்சியாதான் 1899-ல பழனி மலை உச்சியில சூரிய ஆய்வகம் வந்தது.

1909 ஜனவரியில, அங்க வேலை பார்த்த ஜான் எவர்ஷெட் ஒரு கரும்புள்ளியோட நிறமாலையை ஆராய்ந்தார். கோடுகள் லேசா விலகியிருந்தன. ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் ஹாரன் சத்தம் மாறுதில்லையா, அதே டாப்ளர் கணக்கு ஒளிக்கும் உண்டு. அதை வச்சுப் பார்த்தா, புள்ளியோட ஓரப் பகுதியில வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமா ஓடுது! உலகம் முழுக்க அதுக்கு இன்னிக்கும் பேர் 'எவர்ஷெட் எஃபெக்ட்'.

பஞ்சத்தை முன்கூட்டியே சொல்ற வழி அதுல கிடைக்கல. சூரியன் மழையை அஃபெக்ட் பண்ணுதான்னு கேட்கப் போய், சூரியனுக்குள்ளேயே நடக்கிற ஒரு எஃபெக்ட் கிடைச்சது. அடுத்த தடவை மெயில் எழுதும்போது சந்தேகம் வந்தா, கொடைக்கானலை நினைச்சுக்கோங்க. கண்டுபிடிச்சவர் பேரும் 'ஈ', கண்டுபிடிச்சதும் 'ஈ'.