பீடங்களைக் கீழிருந்து வாசித்தல்

பிற்கால உரோமச் சக்கரவர்த்திகள் எமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். ஆர்க்காடியுஸ், ஹொனோரியுஸ் போன்றோரின் செப்புக் காசுகள் இலங்கையின் பல இடங்களில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துள்ளன. அவற்றில் பெயருக்கு முன்னால் நிற்பவை 'டி, என்' என்னும் இரண்டு இலத்தீன் எழுத்துக்கள். 'எம் ஆண்டவன்' என்பது அவற்றின் விரிவு. இதே எழுத்துக்கள்தான் அவர்களின் சிலைப் பீடச் சாசனங்களையும் தொடக்கி வைக்கின்றன.

சிலைகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. வெண்கலம் உருக்கப்பட்டது, பளிங்கு சுண்ணாம்புக்காக எரிக்கப்பட்டது. எஞ்சியவை பீடங்களே. சாசனத்தின் மேற்பகுதியில் சக்கரவர்த்தியின் பெயர் நான்காம் வேற்றுமையில் நிற்கும். எமது இலக்கணத்திலும் அவ்வேற்றுமைக்குரிய முதன்மைப் பொருள் கொடை அல்லவா? பெயரைத் தொடர்ந்து புகழ்மொழிகள். அடியில், சிலையை நிறுத்திய ஆளுநரின் அல்லது நகரசபையின் பெயர். அதனோடு 'அவரது தெய்வத்தன்மைக்கும் மாட்சிமைக்கும் அடியவன்' என்ற வாய்பாடு பல இடங்களில் வெறும் ஐந்து எழுத்தாகக் குறுகிக் கிடக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவச் சக்கரவர்த்திகளுக்கும் அது தப்பாமல் வழங்கப்பட்டது. சுருக்கெழுத்தாகிவிட்ட புகழ், புகழப்பட்டவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. புகழ வேண்டியிருந்தவரைப் பற்றியே சொல்கிறது.

ஒரு காலத்தில் வரலாறு படிப்பித்த நான் இன்று லில்லெஸ்ட்ரோமில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். பெறுநர் பெயர் மேலே, பெரிய எழுத்தில். அனுப்புநர் பெயர் கீழே, சிறிதாக. பொருளில் பழுது கண்டால் தேடப்படுபவர் அனுப்புநரே. சாசனங்களையும் அவ்வாறே வாசிக்கவேண்டும் என்பது என் வாதம்.

உரோமச் சதுக்கத்தில் இன்றும் நிற்கும் பீடமொன்றைப் பாருங்கள். கோத்தியப் போர் வெற்றிக்குப் பின், 406ஐ ஒட்டி, ஆர்க்காடியுஸ், ஹொனோரியுஸ், தியோடோசியுஸ் ஆகியோரின் படைவீரரது விசுவாசத்துக்காக எழுப்பப்பட்டது. கல்லும் புதிதல்ல, பழைய குதிரைச்சிலைப் பீடமொன்றை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். வெற்றிக்குக் காரணமானவராகத் தளபதி ஸ்ரிலிக்கோவின் பெயரும் அதில் இருந்தது. 408இல் அவர் கொல்லப்பட்டார். பெயரும் பதவியும் கொத்தி நீக்கப்பட்டன. 'மதியாலும் வீரத்தாலும்' என்ற சொற்களோ அப்படியே நிற்கின்றன. புகழ் இருக்கிறது, ஆள் இல்லை. ஈராண்டு கழித்து, 410இல், அலாரிக் உரோமுக்குள் நுழைந்தான்.

அதே சதுக்கத்தில் 608இல் ஆளுநர் ஸ்மரக்டுஸ் சக்கரவர்த்தி போக்காசுக்கு ஒரு தூணின்மேல் பொன்முலாம் பூசிய சிலை வைத்தார். இத்தாலிக்குக் கிடைத்த அமைதிக்கும் காக்கப்பட்ட சுதந்திரத்துக்கும் நன்றியாம். 610இல் போக்காஸ் வீழ்ந்தார். பெயர் செதுக்கி அழிக்கப்பட்டது. 1813இல் தூணின் அடியைத் தோண்டியபோது கொடுத்தவரின் பெயரும் காலக்குறிப்பும் எஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டே தூண் யாருக்குரியது என்று துணிந்தார்கள். கீழ்வரி மேல்வரியைக் காட்டிக்கொடுத்தது.

அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவுமலரையும் 'கல்வெட்டு' என்று அழைக்கும் சமூகம் எங்களுடையது. புலம்பெயர்ந்தபின் மலர்களும் இயக்க வரலாறுகளும் எம்மிடையே குவிந்துள்ளன. அவற்றில் யார் புகழப்படுகிறார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறோம். வெளியிட்டவர் யார், எந்த ஆண்டில், முந்திய பதிப்பில் இருந்த எந்தப் பெயர் இதில் இல்லை? இக்கேள்விகளை நாம் கேட்காவிட்டால், கொத்தப்பட்ட இடத்தை வெறுங்கல் என்றே எம் பிள்ளைகள் எண்ணுவர்.