ஔவையார் தூது: புறநானூற்றுச் சான்றுகள்

சங்கத் தொகைகளில் ஔவையார் பெயரால் வழங்கும் பாடல்கள் 59. அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. ஆத்திசூடி பாடிய ஔவையார் காலத்தாற் பிற்பட்டவர். அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற புலவரையே ஈண்டுக் கருதுகின்றோம்.

இத்தூதுச் செய்தி 95ஆம் பாட்டின்கீழ் அமைந்த பழங்குறிப்பால் அறியப்படுவது. பாட்டினுள் தொண்டைமான் பெயரும் இல்லை. தூது என்னும் சொல்லும் இல்லை. குறிப்பை மட்டும் நம்பி ஒருவர் வாழ்க்கையை எழுதலாமோ எனின், அவ்வையம் தக்கதே. ஆயினும் 89ஆம் பாட்டினை நோக்குக. போர்வேட்கை மிக்க வேந்தன் ஒருவன், நும் நாட்டில் எம்மோடு பொருவாரும் உளரோ என விறலியை வினவுகின்றான். அவளோ தன் நாட்டு மறவரையும், மன்றில் தூங்கும் தண்ணுமையிற் காற்று மோதி ஒலிப்பினும் போர் வந்ததென எழும் தன் தலைவனையும் கூறி விடையிறுக்கின்றாள். அவ்விறலி ஔவையாரே எனத் துணியாவிடினும், பகைவேந்தன்முன் அஞ்சாது பேசும் பெண்குரல் பாட்டினுள்ளேயே அமைந்திருத்தல் தெளிவு. பழங்குறிப்பிற்கு இஃது அரண் செய்வதாம்.

தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது 95ஆம் பாட்டின் குறிப்பு. (தேவாரத் திருவலிதாயம் அமைந்த நம் பாடியும் தொண்டைநாட்டு ஊரே. பாடி என்பது படைதங்கும் இடத்திற்கும் பெயர். ஆயினும் இவ்வூர்ப் பெயர்க்கு அதுவே காரணம் எனக் கூறச் சான்று வேண்டும்.) அங்குள்ளவை பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவலில் இருந்தன, அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனது சிறுகொட்டிலிற் கிடந்தன. துறை வாண்மங்கலம். வகுப்பறைகளில் இப்பாட்டு வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகி இவ்வளவில் நின்றுவிடுகின்றது. அது போதாது. உளதாயின் கொடுத்தும், இல்லாக்கால் உடனுண்டும் வாழும் வறியோர்தம் தலைவன் அஞ்சி என்றே பாட்டு முடிகின்றது. படைக்கு எதிரே படையை நிறுத்தியவர் முடிவிற் சோற்றைக் கூறுவானேன்? தொண்டைமான் தன் கொட்டிலிற் காட்ட இயலாத வலிமை அதுவே என்பது நம் கருத்து.

இத்தூதால் போர் நின்றது எனக் கூறுவாரும் உளர். பாட்டிலும் குறிப்பிலும் அச்செய்தி இல்லை.

அஞ்சி கோவலூரை வென்றமையை 99ஆம் பாட்டில் ஔவையார் குறிக்கின்றார். 1981இல் திருக்கோவலூரை அடுத்த சம்பையிற் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழியைக் கூறுகின்றது. புலவர் காட்டும் தலைவன் கற்பனை மாந்தன் அல்லன் என்பதனைக் கல்லும் உரைத்தது.

அவன் மாய்ந்தபின் பாடிய 235ஆம் பாட்டிலும் ஔவையார் முதற்கண் நினைப்பது கள்ளையும் சோற்றையும் அவன் பகிர்ந்துண்ட முறைமையே. அவன் மார்பில் தைத்த வேல் பின்னரே வருகின்றது.