குர்லா லாரியும் சென்னை எஞ்சினும்

சான்பாடாவை அடுத்த வாஷிச் சந்தையில் நம் நாட்டு லாரிகளைக் காணும்போது பழைய உறவொன்று நினைவுக்கு வருகிறது. 1944இல் வால்சந்த் ஹிராசந்த் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லாவில் டாட்ஜ், பார்கோ லாரிகளை உருவாக்கிற்று. பெட்ரோல் எஞ்சினுக்கோ எரிபொருட் செலவு மிகுதி. 1950களில் சென்னைச் சிம்ப்ஸன் நிறுவனம் பெர்க்கின்ஸ் பி6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைச் செய்யலாயிற்று. பழைய எஞ்சினை இறக்கி, டீசல் எஞ்சினை ஏற்றும் வழக்கம் பரவிற்று.

ஆயினும் வேலை அத்துடன் முடிவதன்று. டீசல் எஞ்சின் கனமும் அதிர்வும் மிக்கது, சுழல்வேகம் குறைந்தது. ஆதலின் முன்புற ஸ்பிரிங் பட்டைகள், தாங்கு ரப்பர்கள், கியர் விகிதம் ஆகியவற்றையும் திருத்த வேண்டும். பிரேக்கைச் சோதியாமல் நாள்தோறும் ஓட்டுதல் உயிருக்கே கேடு. இன்று, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் மறத்தலாகாது. இத்தகைய மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் இசைவு வேண்டும். உடல் பம்பாயினது, உயிர் சென்னையினது. இரண்டும் இணங்கினாலன்றிப் பயணம் நிலைக்காது.