மட்கலத்தில் மலர்ந்த எழுத்து

உண்கலம் உணவைத் தாங்கினால் போதும் என்பதே உலக வழக்கு. ஆயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் குராசான் பகுதிக் குயவர்கள் அந்த எளிய கலத்தையே அழகுக்கும் அறவுரைக்கும் உறைவிடமாக்கினர். இன்றைய ஈரானிலுள்ள நிஷாப்பூரும், அதற்கு வடகிழக்கே ஆமு நதிக்கு அப்பாலுள்ள சமர்கந்தும் இக்கலையின் நிலைக்களன்களாகும். ஸாமானி மரபினர் ஆண்ட 10-ஆம் நூற்றாண்டில் இது செழித்தோங்கியது.

சீனத்து வெண்பீங்கான் அந்நாளில் பெரிதும் விரும்பப்பட்டது. அதற்குரிய மண் இக்குயவர்களுக்குக் கிட்டவில்லை. எனவே, செம்மண் கலத்தின்மீது வெண்களிக் குழம்பைப் பூசி, அதன்மேல் கருநிறத்தால் எழுதினர். வெறும் சாயத்தால் எழுதினால், சூளையில் ஈயம் கலந்த மேற்பூச்சு உருகும்போது கோடுகள் கலைந்துவிடும். ஆதலால் சாயத்தைக் களிக்குழம்பிலேயே கலந்து எழுதினர். கோடு கூர்மை குன்றாமல் நின்றது.

கலத்தின் பெரும்பகுதியை அவர்கள் வெறுமையாகவே விட்டனர். விளிம்பையொட்டிக் கூஃபி எழுத்தில் ஒரே வரி வட்டமாகச் சுற்றிவரும். அலிஃப், லாம் ஆகியவற்றின் நெடுங்கோடுகள், சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் நடுவை நோக்கி நிற்கும். இடம் மிஞ்சினால் கிடைக்கோட்டை நீட்டுவர், குறைந்தால் சுருக்குவர். கருமையை எடுத்துக்காட்ட வெண்மை, நிறைவை எடுத்துக்காட்ட வெறுமை! படிக்க விழைவோர் கலத்தைச் சுழற்றியாக வேண்டும்.

எழுதிய சொற்களோ பெரும்பாலும் வாழ்வியல் மொழிகள். கல்வியின் சுவை தொடக்கத்தில் கசந்தாலும் முடிவில் தேனினும் இனிக்கும் என்கிறது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துத் தட்டு ஒன்று. செயலுக்கு முன் திட்டமிட்டால் பின்னர் வருந்த நேராது என்கிறது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள 18 அங்குல அகலக் கிண்ணம். கலத்துக்கு உரியவர் பரக்கத் பெறுக என வாழ்த்துவனவும் பல.

1221-இல் மங்கோலியர் நிஷாப்பூரை அழித்தனர். 1935 முதல் 1940 வரையிலும், மீண்டும் 1947-இலும் அதே மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தார் அங்கு நிகழ்த்திய அகழாய்வில் இத்தகைய கலங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன.

இவற்றில் பொன்னுமில்லை, மணியுமில்லை. கோட்டின் அளவும் வெற்றிடத்தின் அருமையும் அறிந்த கையும், உண்போர்க்குச் சொல்ல ஒரு நல்லுரையும் இருந்தன. செல்வம் இருந்தால்தான் இல்லத்தில் அழகு தங்கும் என்று எண்ணுவோர்க்கு, ஒரு பிடி செம்மண் தரும் மறுமொழி இது.