ஏழாண்டுக் கல்வியும் எழுபதாண்டு அரசும்

கல்வியை நாடிக் கடல் கடப்பது தொன்மையான வழக்கம். பாக்தாதுக்கும் கொர்தோவாவுக்கும் மாணவர்கள் திரண்ட காலம் உண்டு. ஆனால், பயிலச் சென்ற நாடே பட்டம் பெறுமுன் உலகப் படத்திலிருந்து மறைந்த அனுபவம் மிகச் சிலருக்கே வாய்த்தது. சோவியத் யூனியனின் இறுதி ஆண்டுகளில் அங்குப் பயின்ற அயல்நாட்டு மாணவர்கள் அத்தகையோர்.

1960 பிப்ரவரியில் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு ஜனவரியில் கொலையுண்ட காங்கோவின் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு மருத்துவரும் பொறியாளரும் தேவைப்பட்டனர். சோவியத் அரசுக்கு அந்நாடுகளின் நட்பு தேவைப்பட்டது. இரு தேவைகளும் சந்தித்த இடமே அப்பல்கலைக் கழகம். 1990-இல் சோவியத் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவர்கள் பயின்று வந்தனர்.

1985 செப்டம்பரில் அங்குச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கல்விக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் சுமார் 90 ரூபிள் உதவித்தொகை. அந்நாட்டு மாணவர் பெற்றதைவிட அது ஏறத்தாழ இருமடங்கு. முதலாண்டு முழுவதும் ருஷிய மொழிக்கே உரியது. அதன்பின் மருத்துவம் ஆறாண்டுகள். தேர்வுகள் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வுகளே. மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள வினாக்களுக்கு ஆசிரியர் முன் அமர்ந்து விடை கூறவேண்டும். அவர் அளிக்கும் உயர்ந்த மதிப்பெண் ஐந்து.

அம்மாணவர் முஸ்லிமாக இருந்தால் வேறொரு தேர்வும் காத்திருந்தது. 1986-இல் ரமலான் மாதம் மே, ஜூனில் வந்தது. மாஸ்கோவில் அப்போது பகற்பொழுதே பதினேழு மணி நேரம். ஆண்டுத் தேர்வுகள் நெருங்கும் காலமும் அதுவே! அப்பெருநகரில் அன்று தொழுகைக்குத் திறந்திருந்தது 1904-இல் எழுந்த ஒரே பள்ளிவாசல். அங்குத் தாத்தாரிய முதியவர்களின் அணியில் அயல்நாட்டு இளைஞரும் தோளோடு தோள் நின்றனர்.

காலம் விரைந்து மாறியது. கடைகளில் பொருள்கள் அருகின, வரிசைகள் நீண்டன. 1991 ஜனவரியில் 50, 100 ரூபிள் நோட்டுகள் திடீரெனச் செல்லாதவையாயின. ஆகஸ்டில் மாஸ்கோ வீதிகளில் டாங்கிகள் உருண்டன. டிசம்பர் 25-ஆம் நாள் கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. 1992 ஜனவரி 2-ஆம் நாள் விலைக் கட்டுப்பாடு நீங்கவே, விலைகள் பன்மடங்கு உயர்ந்தன, உதவித்தொகை பெயரளவானது. அடுத்த மாதமே பல்கலைக் கழகம் லுமும்பாவின் பெயரையும் இழந்தது.

நம் மாணவருக்கோ இன்னும் சில மாதப் படிப்பு எஞ்சியிருந்தது. அழைத்த அரசு இல்லை. வாக்களித்த கட்சி இல்லை. எனினும் வகுப்புகள் நடந்தன. தம் ஊதியமும் சேமிப்பும் கரைந்துகொண்டிருந்த ஆசிரியர்களே அவற்றை நடத்தினர். நோயாளியின் படுக்கை அருகே நின்று பாடம் கூறினர். சீட்டுகளை மேசையில் பரப்பித் தேர்வு கேட்டனர்.

அரசுகள் கல்வி வழங்குவதில் அரசியல் நோக்கம் இருந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அரசு கொடுத்த வாக்கை அரசே காக்க இயலாமற்போனபோது, அதைக் காத்தவர்கள் வரிசையில் நின்று ரொட்டி வாங்கிய அந்த ஆசிரியர்கள். 2023-இல் லுமும்பாவின் பெயர் பல்கலைக் கழகத்துக்கு மீண்டும் சூட்டப்பட்டது. அந்த ஆசிரியர்களின் பெயர்களோ எந்தச் சுவரிலும் இல்லை. அவர்களிடம் கற்றவர் நெஞ்சங்களில் அவை நிலைக்கட்டும்.