நாலு ரூபாய் பொம்மை

ரிஷிவந்தியத்தில் பொம்மைக்கடை என்று தனியாக ஒரு கடை எந்தக் காலத்திலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அர்த்தநாரீஸ்வரர் கோயில் பக்கம் இருந்த பெட்டிக்கடையில் பம்பரம், கோலி, பலூன், தகர ஊதல் கிடைக்கும். பம்பரத்துக்குக் கயிறு தனிக்காசு. மற்றதெல்லாம் நாங்களே செய்துகொண்டவை. பனங்காயின் நடுவில் குச்சி செருகினால் வண்டி. பனை ஓலையைக் கிழித்து முள்ளில் குத்தினால் காத்தாடி. ஓலையைப் பின்னி உள்ளே நாலு கூழாங்கல் போட்டால் கிலுகிலுப்பை. நடைவண்டி மட்டும் ஆசாரி செய்து தருவார். அதற்குக் கூலி பெரும்பாலும் நெல்தான்.

கடையில் வாங்கும் பொம்மை என்றால் வருஷத்துக்கு ஒரு நாள், தை மாதம் ஐந்தாம் தேதி. தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு வந்து தீர்த்தவாரி காண்பார். எங்கள் பக்கத்து ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் போவார்கள். ஆற்று மணலில் சாக்கை விரித்துக் கடை போட்டிருப்பார்கள். மண் சட்டி பானை, சொப்புச் சாமான், தலையாட்டிப் பொம்மை, மண் உண்டியல், மூங்கில் புல்லாங்குழல், தகரப் படகு எல்லாம் அங்கே இருக்கும். கம்பின் உச்சியில் கைதட்டும் பொம்மையுடன் வரும் ஜவ்வு மிட்டாய்க்காரர் கையில் வாட்ச் கட்டிவிடுவார். அது பத்து நிமிஷத்தில் வயிற்றுக்குள் போய்விடும்.

அந்தத் தகரப் படகைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். அடியில் மெல்லிய தகரத்தில் சின்னப் பெட்டி, அதிலிருந்து பின்பக்கம் இரண்டு குழாய்கள். குழாயில் தண்ணீர் விட்டு, எண்ணெய்த் திரியை ஏற்றிப் பெட்டிக்குக் கீழே வைத்தால் நீர் ஆவியாகிக் குழாய்த் தண்ணீரை வெளியே தள்ளும், படகு முன்னால் போகும். ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறும், மறுபடி ஆவியாகும். அப்படி மாறி மாறித் தகரம் உப்பி ஒடுங்குவதால்தான் அந்த 'டபடப' சத்தம். பள்ளிக்கூடத்தில் நீராவி எந்திரப் பாடம் வந்தபோது எனக்குப் புரிந்ததற்குக் காரணம் வாத்தியார் அல்ல, மணலூர்பேட்டைப் படகுதான்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியம். என் அம்மா அந்த ஊர்ப் பெண். தாய்மாமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. "பையனை என்கிட்ட விடுங்க மாமா, பெரிய உத்தியோகத்துக்கு ஆளாக்கறேன்" என்று என் அப்பாவிடம் கேட்டு, 1957-இல் என்னை அழைத்துப் போனார். பெரிய உத்தியோகம் கிடைக்கவில்லை. புதுவை அரசில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். அது வேறு கதை.

1954 நவம்பர் 1-ஆம் தேதியே புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் நான் போனபோது ஊர் பாதி பிரெஞ்சாகத்தான் இருந்தது. நேரு வீதியை மாமா கடைசிவரை டுப்ளெக்ஸ் வீதி என்றே சொன்னார். ஜூலை 14-க்கு முதல்நாள் இரவு சொல்தாக்கள் விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள். எனக்கும் ஒரு காகித விளக்கு கிடைக்கும்.

அந்த டுப்ளெக்ஸ் வீதியில்தான் முதல்முறையாகக் கண்ணாடி அலமாரிக்குள் பொம்மைகளைப் பார்த்தேன். சாவி கொடுத்தால் ஓடும் ரயில், துளை போட்ட தகடுகளைத் திருகாணியால் பூட்டிப் பாலம் கட்டும் மெக்கானோ பெட்டி. லிவர்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901-இல் காப்புரிமை வாங்கிய விளையாட்டு அது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வாங்குவார்கள், நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்போம்.

அங்கே ஒரு பெண் பொம்மை இருந்தது. செல்லுலாய்ட் உடம்பு, நீலக் கண். படுக்கவைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். கண்ணுக்குப் பின்னால் வைத்த சின்ன ஈயக் குண்டின் வேலை அது. "பழைய சரக்கு தம்பி, வித்துட்டா இனிமே வராது" என்பார் கடைக்காரர். அது வியாபாரப் பேச்சு மட்டுமல்ல. 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, தேவையில்லாத சரக்கு என்று கருதப்பட்டவற்றின் இறக்குமதியை அரசு இறுக்கிவிட்டது.

ஊரில் எனக்கு ஒரு தங்கை, என்னைவிட மூன்று வயது சிறியவள். அவளுக்கு அந்தப் பொம்மையைப் பற்றிக் கடிதம் எழுதினேன். விலை நாலு ரூபாய், பொங்கலுக்கு வரும்போது வாங்கி வருகிறேன் என்றும் எழுதினேன். அம்மாவின் பழைய புடவையைச் சுருட்டிச் செய்த துணிப்பொம்மைதான் அவளிடம் இருந்தது. மாமா அவ்வப்போது தரும் காசைச் சேர்த்தேன். 1962 முடிவதற்குள் நாலு ரூபாய் சேர்ந்துவிட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். திண்ணைக்குத் திண்ணை இதே பேச்சு. என் வகுப்பில் ஒருவன் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரான்சுக்குப் புறப்படத் தயாரானார்கள். அவனிடம் ஓர் அஞ்சல்தலை ஆல்பம் இருந்தது. 1892 முதல் பிரெஞ்சு இந்தியாவுக்கென்று தனியாக வந்த தலைகளில் ஒரு நாற்பது அதில் இருந்தன. 1914-இல் தொடங்கிய வரிசையில் பிரம்மா உருவம் உண்டு. பிறகு வந்தவற்றில் விலை 'காஷ்', 'ஃபனோன்' என்று பிரெஞ்சில் இருக்கும். வேறொன்றுமில்லை, நம்முடைய காசும் பணமும்தான். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். மாமா அப்போதும் இரண்டணாவைப் 'பணம்' என்றுதான் சொல்வார்.

"நாலு ரூபா குடு, எடுத்துக்கோ" என்றான். ஒரு ராத்திரி யோசித்தேன். காலையில் கொடுத்துவிட்டேன்.

1963 பொங்கலுக்கு வெறுங்கையோடு ஊருக்குப் போனேன். தங்கை கேட்டபோது, "பஸ்ஸுல நசுங்கி உடைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அப்பா அவளுக்கு ஒரு மண் உண்டியல் வாங்கிக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வரும்போது, "இதுல காசு சேத்து நானே வாங்கிக்கறேண்ணா. நீ கடையை மட்டும் காட்டு" என்றாள்.

அவள் பொம்மை வாங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த வருஷம் வெள்ளாமை இல்லை. அப்பா மணியார்டர் அனுப்பினார். அந்தத் தொகையில் உண்டியலை உடைத்த காசும் சேர்ந்திருந்தது என்று அம்மா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தங்கை ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டாள். பதினேழு வயதில் திருக்கோவிலூர் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு நான் ஊரோடு வந்துவிட்டேன். நான் பிறந்தபோது தென்னாற்காடு, 1993-இல் விழுப்புரம், 2019-இல் கள்ளக்குறிச்சி. ஒரே வீட்டுக்கு மூன்று மாவட்டத்து விலாசம். பொம்மைகளும் மாறிவிட்டன. பிளாஸ்டிக் துப்பாக்கியும் பேட்டரி காரும்தான் எங்கும். சீனச் சரக்கு குவிகிறது என்று 2020-இல் பொம்மை மீதான சுங்கவரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்த்தினார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது சந்தோஷம்தான். ஆனால் அது பெரியவர்கள் கூடத்தில் வைத்து அழகு பார்ப்பதற்கு. குழந்தை தூக்கி எறிந்து விளையாடும் மரச்சாமானுக்கு ஆசாரிகளிடம் இப்போது யாரும் போவதில்லை.

குழந்தைக்கும் பொம்மைக்கும் உள்ள உறவு பழையது. பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பருவங்களே உண்டு. கீழடியில் சுடுமண் விளையாட்டுப் பொருட்கள் கிடைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணும் மரமும் ஓலையும் போதுமாக இருந்தது. அது போதாது என்ற எண்ணம் எங்கள் தலைமுறைக்கு அந்தக் கண்ணாடி அலமாரியிலிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். என் விஷயத்தில் நிச்சயம் அப்படித்தான்.

போன தை மாதம் தங்கை வந்திருந்தாள். இரண்டு பேருமாக மணலூர்பேட்டைக்குப் போனோம். மண் உண்டியல் இன்னமும் விற்கிறார்கள். ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "எழுபது வயசுல எனக்கு எதுக்குண்ணா?" என்று சிரித்தாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், அறுபது வருஷமாக அவளிடம் காட்டாத ஆல்பத்தை எடுத்துக் காட்டினேன். மெதுவாகப் பக்கம் புரட்டினாள். பிரம்மா படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன விலைக்கு வாங்கினே?"

"நாலு ரூபா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆல்பத்தை மூடி என் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சிருக்கியே, அது போதும்" என்றாள். காப்பி போட உள்ளே போய்விட்டாள்.

தேர்வுக் கட்டணத்தைப் பற்றி நானும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது பேசுவேன்.

உங்கள் ஊர்ச் சந்தையிலும் திருவிழாவிலும் என்ன பொம்மை வாங்கினீர்கள்? யாருக்கு வாங்காமல் விட்டீர்கள்? நினைவிருந்தால் எழுதுங்கள்.