குப்பை என்னும் சொல்லின் வீழ்ச்சி

தமிழில் 'குப்பை' இழிசொல்லாகப் பிறந்ததன்று. குவியல் என்பதே அதன் பழம்பொருள். சங்கப் பாடல்களில் உப்பளத்து உப்புக் குவியலும் குப்பைதான். சிவகங்கைச் சீமையின் நெற்குப்பை என்னும் ஊர்ப்பெயரில் அப்பொருளை இன்றும் கேட்கலாம். கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் ஓர் உழவர் 'வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா' என்று வினவினால், அவர் கேட்பது தொழுவுரத்தை. வள்ளுவரும் உழுதலைவிட எருவிடுதலையே மேலாக வைத்தார்.

இச்சொல் அகற்றப்படவேண்டிய பொருளைக் குறிக்கலானதில் நகராட்சி நிர்வாகத்துக்குப் பெரும்பங்குண்டு. தெருவைக் கூட்டி அள்ளுவதை நகரமன்றத்தின் கடமையாக்கிய 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், அதற்கென ஒதுக்கிய இடங்களில் சேரும் குப்பை மன்றத்தின் சொத்து என்றும் எழுதிவைத்தது. சொத்து என்ற சொல் நம் கவனத்துக்குரியது. உரமாக விலைபோகும் பொருளாக அன்று அது கருதப்பட்டது. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இலைதழையையும் சாணத்தையும் மக்கவைக்கும் முறையை வகுத்து 1931இல் நூலாக்கினர். அதே பத்தாண்டின் இறுதியில் பெங்களூரில் ஆச்சார்யா நகரக் குப்பைக்கென ஒரு முறையை உருவாக்கினார்.

இவ்விடத்தில் பழமையைப் பாராட்டி நின்றுவிடலாகாது. பெங்களூர் முறையில் குப்பையும் மலமும் அடுக்கடுக்காகக் குழியில் இடப்பட்டன. அந்த மலத்தைச் சுமந்துவந்த தலைகள் எந்தச் சாதியாரின் தலைகள் என்பதை நாம் அறிவோம். நகரத்து உரத்தின் வளம் அவர்களது இழிவின்மேல் விளைந்தது. மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1993 வரை வரவில்லை. 2013இல் இன்னொன்றும் தேவைப்பட்டது.

பின்னர் இரசாயன உரம் வந்தது, பாலித்தீன் பை வந்தது. கண்ணாடிச் சில்லும் ஊசியும் கலந்த எருவை எந்த உழவர் வாங்குவார்? 1996இல் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றம் சென்றார். 2000இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன. 2016இன் விதிகள் இன்னும் கூர்மையானவை. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்குமேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்களைத் தனிவகையாகப் பிரித்தன. உணவகங்கள் மக்கும் கழிவை இயன்றவரை தம் வளாகத்திலேயே உரமாக்கப் பணித்தன. தோட்டத்துச் சருகை எரிக்காமல் அவரவர் இடத்திலேயே தனியாகச் சேர்த்துவைத்து, உள்ளாட்சி சொல்கிறபடி அகற்றச் சொன்னன. கொல்லைப்புறத்து எருக்குழியை மூடவைத்த அரசாங்கம், ஏறத்தாழ அதையே அரசிதழில் அச்சிட்டுத் திரும்பக் கொடுத்தது எனலாம்.

ஆனால் கச்சிராயபாளையத்துக்குத் தொழிற்கழிவின் மறுபயன் புதிதன்று. இங்குள்ள கள்ளக்குறிச்சி இரண்டாம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்றவற்றில், 100 கிலோ கரும்பை அரைத்தால் ஏறக்குறைய 30 கிலோ சக்கை மிஞ்சும். அது கொதிகலனுக்கு எரிபொருள். மூன்று நான்கு கிலோ வரும் வடிகட்டிய கசடு வயலுக்கு உரமாகும். கழிவுப்பாகு சாராய வடிப்பாலைகளுக்குப் போகும். வெல்லக் கொப்பரையின் கீழ்ச் சக்கையை எரித்துச் சாம்பலை நிலத்திலிட்ட பழைய ஆலைக்காரரும் இக்கணக்கை அறிந்தவரே. இதை எந்தச் சட்டமும் கற்பிக்கவில்லை, இலாபம் கற்பித்தது.

ஆலை வாயில்வரைதான் அந்தக் கணக்கு. வெட்டிமுடித்த கொல்லையில் கிடக்கும் சோகையை வாரியெடுக்கக் கூலி கட்டுபடியாகாது. பொடித்து மூடாக்காக விடலாம் என்று வேளாண் துறையினர் சொல்லிவருகின்றனர். ஆனால் கட்டைக் கரும்பு துளிர்ப்பதற்குள் நிலம் துப்புரவாக வேண்டும், தீக்குச்சியோ மலிவு.